மடியில் கொஞ்சம் கனம்

தூண்டில் முள், நைலான் நூல், தீக்கல், முயலுக்குக் கண்ணி வைக்கப் பித்தளைக் கம்பி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி. பிரிட்டிஷ் சிறப்புப் படையில் பயிற்சியாளராக இருந்த ஜான் வைஸ்மன் 1986இல் வெளியிட்ட உயிர்காப்புக் கையேடு, இந்த மாதிரிச் சாமான்களை ஒரு சின்னத் தகர டப்பாவில் அடைத்து எப்போதும் உடன் வைத்திருக்கச் சொல்கிறது. அந்த டப்பாவின் பேரப்பிள்ளைகள் இப்போது கறுப்புத் துணிப் பைகளாக இணையக் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றை நானும் வாங்கினேன். பினாங்கின் கொம்தார் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து திறந்து பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. முயலுக்கு எங்கே போவது? பசித்தால் பத்தடியில் சாப்பாட்டுக் கடை. திசை தவறினால் அண்ணாந்து பார்த்தால் போதும். 1980களில் 65 மாடியோடு எழுந்த கொம்தார் கோபுரம் இந்த ஊரில் யாரையும் வழிதவற விடுவதில்லை.

சிரித்தாலும் கேள்வி கேள்விதான். நகரத்தில் வாழ்கிறவர் வீட்டை விட்டு இறங்கும்போது எதை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்? அமெரிக்கர்கள் இதை ஒரு பொழுதுபோக்காகவே வளர்த்துவிட்டார்கள். கத்தி, டார்ச், பேனா, கடிகாரம் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் பட்டியலை அப்படியே பினாங்கில் இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஊரில் என்னென்ன நடந்திருக்கிறது, அப்போது யாருக்கு எது கையில் இல்லாமல் போனது என்று பார்த்துவிட்டுப் பையைத் திறப்பதே முறை.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. அக்கரையில், தீபகற்பப் பக்கம், புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழா. இக்கரையில் சீனர்களின் குவான் யின் விழா. இரண்டு பக்கமும் கூட்டம் அலைமோதிய அன்று மாலை, பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையத்தின் மேல்தளம் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கைப்பேசி புழக்கத்துக்கு வராத காலம். தம் வீட்டு ஆள் எந்த ஃபெர்ரிக்கு நின்றார், ஏறினாரா, ஏறவில்லையா என்று தீவில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசினால் இடிந்த கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ராத்திரி முழுக்க வாசலில் நின்றதைத்தான் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. பினாங்கின் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் அந்த ஆட்டத்தை உணர்ந்தார்கள். உணர்ந்துவிட்டுப் பசியாறப் போனார்கள். அலை இங்கே வந்து சேர்ந்தது பிற்பகல் ஒரு மணிக்கு மேல். இடையில் நான்கு மணி நேரம். பத்து பெரிங்கியிலும் பாசிர் பாஞ்சாங்கிலும் விடுமுறைக் கூட்டம் கடலோரம் உட்கார்ந்திருந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். அந்த நான்கு மணி நேரத்தில் எந்தப் பையும் எந்தக் கருவியும் அவர்களுக்கு உதவியிருக்காது. ஒரே ஒரு செய்தி உதவியிருக்கும். பிற்பாடு கரையோரங்களில் சைரன் வைத்தார்கள். 2012 ஏப்ரல் 11இல் ஆச்சே அருகே மறுபடி பெரிய நடுக்கம் வந்தபோது முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது, கரையிலிருந்து ஆட்கள் விலக்கப்பட்டார்கள்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. இந்தத் தலைமுறை மறக்காத இரவு அதுதான். சாதாரணமாக ஒரு மாதத்தில் பெய்வதைவிட அதிகமாக, சில இடங்களில் 300 மில்லிமீட்டரையும் தாண்டி, ஒரே நாளில் கொட்டியது. காற்றில் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது, சில வட்டாரங்களில் தண்ணீர் ஆள் உயரத்தையும் தாண்டியது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங் இராணுவத்தின் உதவியைக் கேட்கும் நிலை வந்தது. 7 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான், அக்டோபர் 21இல், தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்திருந்தார்கள்.

நவம்பர் வெள்ளத்தில் எனக்கு உறைத்தது ஒன்று: தண்ணீர் ஏறியபோது பெரும்பாலோர் படுக்கையில் இருந்தார்கள். வெளியே போகும்போது தூக்கும் பை வீட்டில் ஏதோ ஒரு மூலையில் கிடந்திருக்கும், நாற்காலிக்கு அடியில், நனைந்துகொண்டு. ஆகவே தினமும் சுமக்கும் இந்தப் பை வெளியே போவதற்கு மட்டுமான சாமான் அல்ல. ராத்திரியிலும் அது ஒரே ஆணியில், நெஞ்சு உயரத்தில், இருட்டில் கை போகும் இடத்தில் தொங்க வேண்டும். பையில் என்ன இருக்கிறது என்பதைவிட அது எங்கே தொங்குகிறது என்பது முக்கியம் என்று நான் நினைக்கத் தொடங்கியது அந்த நவம்பரில்தான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1996 ஆகஸ்ட் 3 மாலை தீபகற்பம் முழுதும் மின்சாரம் நின்று, திரும்பிவரப் பல மணி நேரம் ஆனது. 2015, 2019 ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுப் புகை இங்கே பள்ளிகளை மூடும் அளவுக்கு மூடியது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு ஆலையில் பெரிய வால்வை மாற்றுவதற்காக நான்கு நாள் குழாய்நீர் நிறுத்தம். ஏறத்தாழ 5 லட்சத்து 90 ஆயிரம் இணைப்புகள் பாதிக்கப்படும் என்று முன்பே அறிவித்தார்கள், ஊரே வாளியும் தொட்டியுமாகப் பிடித்து வைத்தது. 2013 ஜூன் 13 புயல் மாலையில் மெக்காலிஸ்டர் சாலையில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் இடிதாங்கிக் கம்பம் பெயர்ந்து வாகனங்கள் மேல் விழுந்ததே, அதற்கு எந்தப் பையிலும் பதில் கிடையாது.

இவற்றை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், எங்கேயும் யாருக்கும் கத்தி தேவைப்படவில்லை. தீக்கல்லும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால் கத்தி இங்கே ஆபத்தை வாங்கித் தரும் சாமான். 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறைத்தண்டனை உண்டு, பிரம்படியும் உண்டு. 'தற்காப்புக்குத்தான்' என்று சொல்லிப் போலீஸ் தடுப்பில் தப்ப முடியாது. ஆப்பிள் நறுக்க ஆசைப்பட்டால் வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.

தேவைப்பட்டது வேறு: கொஞ்ச நேரத்துக்கு வெளிச்சம், யாரையாவது கூப்பிட வழி, குடிக்கத் தண்ணீர், மாத்திரை, சில்லறை, நான் இன்னார் என்று காட்ட ஓர் அட்டை. எவ்வளவு நேரத்துக்கு? என் கணக்கு பன்னிரண்டு மணி நேரம். மின்வெட்டோ வெள்ளமோ, அகப்பட்ட இடத்திலிருந்து வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்ச் சேர ஓர் இரவு பிடிக்கும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தன்று தோக்கியோவிலும் சுற்றிலும் ஏறக்குறைய 50 லட்சம் பேர் வீடு போய்ச்சேர முடியாமல் நின்றார்கள். பலருக்கும் தேவைப்பட்டது அந்த ஓர் இரவைக் கடத்தும் வழிதான். ஜப்பானியர்கள் தயாரிப்பை மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். வீட்டுச் சேமிப்பு கடைசி. அதற்கு முன் வாசலில் வைக்கும் அவசரப் பை. எல்லாவற்றுக்கும் முன்னால், எண்ணில் பூஜ்யமாக, உடம்போடு ஒட்டித் திரிவது. நான் பேசுவது இந்தப் பூஜ்யத்தைப் பற்றி.

பினாங்குத் தமிழருக்கு இந்தப் பூஜ்யம் புதிதல்ல. லெபோ பாசாரிலும் சூலியா தெருவிலும் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் கைலிக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை பெல்ட் கட்டியிருப்பார்கள். பொத்தான் வைத்த அறைகள் அதில் மூன்று, நான்கு. ஒன்றில் நோட்டு, ஒன்றில் சில்லறை, ஒன்றில் பாஸ்போர்ட்டும் கப்பல் சீட்டும், ஒன்றில் கடைச் சாவி. தூங்கும்போதும் அவிழ்க்காதவர்கள் உண்டு. பாட்டிகளிடம் சுருக்குப் பை: வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, இரண்டு ஊக்கு, மடித்து மடித்து நைந்த காகிதத்தில் மகன் வேலை செய்யும் தோட்டத்தின் விலாசம், கோடாலித் தைலம். பாக்கும் இருக்கும், பாக்கு மரத்தின் பேரில் அமைந்த தீவில் பாக்கில்லாமல் எப்படி? இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த நாசி கண்டார்கூடக் காவடிக் கம்பில் சோறும் குழம்பும் தொங்கவிட்டு நடந்தவர்களின் சாப்பாடுதான். கண்டார் என்பது அந்தக் கம்புச் சுமையின் பெயர். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்று பழமொழி பேசிய அதே ஆட்கள், தேவையான கனத்தை ஒருநாளும் மடியிலிருந்து இறக்கியதில்லை.

நாம்தான் இறக்கினோம். சாவி தவிர எல்லாவற்றையும் கைப்பேசிக்குள் போட்டுவிட்டோம். டார்ச், பணம், விலாசம், பஸ் நேரம், அம்மாவின் நம்பர் எல்லாம் ஒரே கண்ணாடித் தகட்டுக்குள். அது நனைந்தாலோ அணைந்தாலோ பெல்ட்டின் அத்தனை அறையும் ஒரே நேரத்தில் காலி.

சரி, பையைத் திறப்போம். எடைதான் முதல் எதிரி. வாங்கின உற்சாகத்தில் இரண்டு கிலோ சுமக்கிறவர் மூன்றாம் வாரம் பையை வீட்டில் விட்டுப் போவார்; என் சொந்த அனுபவம். தண்ணீர் போத்தலையும் குடையையும் கழித்து அரை கிலோ. அதற்கு மேல் ஏறினால் ஏதாவது ஒன்றை வெளியே எடுத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

முதல் இடம் ஐசிக்கு, அதாவது அடையாளக் கார்டுக்கு. இந்த நாட்டில் தினமும் சுமக்கும்படி சட்டமே சொல்லும் ஒரே சாமான் அது. 1948இல் அவசரகாலம் பிறந்தபோது, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லா யார், ஊரில் இருப்பவர் யார் என்று பிரித்தறிய அந்தக் கார்டு வந்தது. அவசரகாலம் போயிற்று, கார்டு போகவில்லை. 2001இல் சில்லு பதித்த மைகாட் ஆயிற்று. கேட்கும் அதிகாரியிடம் காட்ட முடியாமல் போனால் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை என்று 1990ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நம்மவர்களுக்கு இது வெறும் சட்டம் மட்டுமல்ல. சுதந்திரத்துக்குப் பிறகும் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு நின்றவர்கள், 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கேட்டபோது தோட்டத்தை விட்டுக் கப்பலேறியவர்கள் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. ஐசியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய பாட்டியைப் பார்த்து நாங்கள் கேலி செய்தோம். பாட்டிக்குத் தெரிந்திருந்தது. பைக்குள் ஐசி பூட்டுவைத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பிறகு அலுவலக வரிசைகளில் நிற்கும்போது காய்ந்த அட்டை ஒன்று கையிலிருப்பதன் அருமை தெரியும்.

அடுத்தது, இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தும் இப்படிப்பட்ட பட்டியல்கள் எதிலும் வராத ஓர் ஆள். தமிழ்நாட்டிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற தம்பி. அவன் பாஸ்போர்ட் முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கலாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவன் அதைச் சொல்லிக் கேட்கும் நிலையில் இல்லை. அவன் பையில் முதலில் இருக்க வேண்டியது பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் பெர்மிட் பக்கமும் எடுத்த நகல், ஊர் விலாசம், கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தின் நம்பர். ஐந்து கிராம்கூட வராது. ஆயிரம் வெள்ளி டார்ச்சைவிட அவனுக்கு அது பெரிய வெளிச்சம்.

பணம். கடைத் தெருவில் பூமாலைக்கும் பணியாரத்துக்கும்கூட கியூஆர் ஒட்டியாயிற்று. மின்சாரமும் அலைவரிசையும் நின்றால் அந்த ஒட்டு வெறும் படம். ஐம்பது வெள்ளி, அதுவும் சில்லறையாக: ஒரு வெள்ளி பத்து, ஐந்து வெள்ளி நான்கு, பத்து வெள்ளி இரண்டு. நூறு வெள்ளி நோட்டை இருட்டில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். நம் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக்கில் அடித்தவை, நனைந்தால் துடைத்துக் கொடுத்துவிடலாம். பத்திலிருந்து மேலே காகிதம். ஆக உறைக்குள் போக வேண்டியவை அந்த இரண்டு நோட்டுகள்தாம்.

வெளிச்சத்தைப் பற்றி உயர்மாடியில் வாழ்கிறவர்களைக் கேட்க வேண்டும். 1960களின் இறுதியில் ஆயர் ஈத்தாமில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் பிளாட்டிலிருந்து இன்றைய கொண்டோ வரை, மின்சாரம் போனால் லிப்ட் நிற்கும். பதினைந்து மாடிப் படிக்கட்டை ஒரு கையில் பிள்ளையோடு இறங்கும்போது கைப்பேசி விளக்கைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஒற்றைப் பேட்டரியில் எரியும் சின்ன டார்ச், கழுத்தில் மாட்டக் கயிறு. வெளிச்சம் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்த்து வாங்காதீர்கள். நான்கு படி தெரிந்தால் போதும், எட்டு மணி நேரம் எரிய வேண்டும். பவர் பேங்க் பத்தாயிரம் மில்லிஆம்ப் அளவில் இருநூறு கிராம் வரும், நம் அரை கிலோவில் ஏறக்குறைய பாதி அதற்கே போகும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு முழுதாகக் கைப்பேசிக்கு வந்து சேராது, மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரையும். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதையும் சார்ஜில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இனி, எனக்குக் கத்தியைவிட நூறு மடங்கு முக்கியமாகப் படுவது: இனிப்பு. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களில் அது 31 சதவீதத்துக்கு மேல். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் தவறி, பினாங்குப் பாலத்தின் மேல் இரண்டு மணி நேரம் காரில் மாட்டிக்கொண்ட மாமாவுக்கு வரும் நடுக்கமும் வியர்வையும் குழப்பப் பேச்சும், காட்டு நரியைவிட நிஜமான ஆபத்து. சர்க்கரை இறங்கிவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி. பதினைந்து நிமிடம் பொறுத்து, தெளியாவிட்டால் மறுபடி. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999ஐக் கூப்பிட வேண்டும். ஆகவே குளுக்கோஸ் மாத்திரை, இல்லையென்றால் கல்கண்டு, ஒரு சின்ன உறையில். சாக்லெட் வேண்டாம். இந்த வெயிலில் உருகும், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதையும் தாமதப்படுத்தும். இன்சுலின் பேனாவை நிறுத்திவைத்த காருக்குள் விடக் கூடாது; பயன்பாட்டிலிருக்கும் பேனாவுக்கே 30 டிகிரிக்குள் என்று எழுதியிருப்பார்கள், நம் ஊர் மதியம் நிழலிலேயே அதைத் தாண்டும். மூன்று நாள் மாத்திரை, மருந்துகளின் பெயர் எழுதிய சீட்டு, ஒரு ஓஆர்எஸ் பாக்கெட். பாக்கெட் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

தண்ணீர் போத்தல் நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளநீரைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். சுங்கை பினாங் பொங்கும் தாழ்வான வட்டாரங்களில், கடலேற்றமும் மழையும் ஒன்றுசேரும் நாளில், சாலையும் லொங்காங்கும் ஒரே மட்டமாகத் தெரியும். ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில், கடை முகப்பின் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே அந்தத் திறந்த சாக்கடை ஓடுகிறது. இடுப்பளவு ஆழம் உள்ளவையும் உண்டு. தெரிந்த தெருதானே என்று நடந்துபோய்க் காலை விட்டவர்கள் பலர். இங்கேதான் மடக்குக் குடைக்கும் நீளக் குடைக்கும் உள்ள வித்தியாசம். நீளக் குடை ஒரு கோல். முன்னால் தட்டித் தட்டி நடந்தால் லொங்காங்கின் விளிம்பு தெரியும். அந்தக் காலத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வெயிலோ மழையோ கக்கத்தில் நீளக் குடையோடு திரிந்தது அழகுக்கு என்றுதான் எண்ணியிருந்தேன். முடிந்தவரை தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. எலிச் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள கீறல் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். கீறலை மூட நீர்புகாத பிளாஸ்டர் நான்கு போதும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ரப்பர் சிலிப்பர் சேற்றில் கழன்றுவிடும். பின்வார் உள்ள செருப்பு வேண்டும். மழை கொட்டும்போது ஒதுங்க நகரமே நமக்கு ஒரு சாமான் தந்திருக்கிறது, அந்த அஞ்சடிதான். பாதி இடங்களில் மோட்டார் சைக்கிளும் பூத்தொட்டியும் அடைத்துக்கொண்டிருப்பது வேறு கதை.

முகக்கவசம் இரண்டு. புகைமூட்டத்துக்குத் துணிக் கவசம் போதாது, முகத்தோடு ஒட்டும் என்95 ரகம் வேண்டும். காற்றுத்தரக் குறியீடு நூறைத் தாண்டினால் அது உடல்நலத்துக்குக் கேடான நிலை. விசில் ஒன்று, பத்து கிராம். 1988க்குப் பிறகு இதைச் சேர்க்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. இடிபாட்டில் கத்தினால் தொண்டை அரை மணியில் அடைத்துவிடும், ஊத மூச்சிருந்தால் விசில் நிற்காது. மடித்துவைத்த துணிப்பையை நான் சொல்லத் தேவையில்லை. 2009இல் நெகிழிப் பை இல்லா நாளைத் தொடங்கி, 2011 ஜனவரி முதல் இலவசப் பையையே நிறுத்திய மாநிலம் இது. பினாங்குக்காரர் பையில் இன்னொரு பை இல்லாமலிருந்தால்தான் அதிசயம்.

கோடாலித் தைலம் பற்றிப் பகுத்தறிவோடு பேசப் பார்க்கிறேன். 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய லியுங் காய் ஃபூக் நிறுவனத்தின் சரக்கு. மலாயாவிலிருந்து ஊருக்குப் போன தமிழரின் பெட்டியில் அது இல்லாமல் இருந்ததில்லை. மெந்தாலும் யூக்கலிப்டஸும் கற்பூரமும் கலந்தது. தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் இதம் தரும், அதற்கு மேல் அதிசயம் ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகவே கூடாது. ஆனால் நின்றுபோன லிப்டிலோ இருண்ட மருத்துவமனை வராந்தாவிலோ அந்தக் குப்பியைத் திறந்தால், பக்கத்திலிருக்கும் மலாய்க்கார அம்மா 'சாப் காப்பாக்கா?' என்று அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டுக் கையை நீட்டுவார். அதற்காகவே மூன்று மில்லி குப்பி ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன்.

இவ்வளவும் ஒரு சின்ன இடுப்புப் பையில் அடங்கும். எதிர்வாதம் தெரியாமல் இல்லை. சாக்கடையை அகலப்படுத்து, மலைச்சரிவில் கட்டுவதை நிறுத்து என்று கேட்க வேண்டிய நேரத்தில், ஆளுக்கொரு பவர் பேங்க் வாங்கிக்கொள் என்பது அரசின் கடமையைக் குடிமகன் இடுப்பில் கட்டுவதல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. தஞ்சோங் பூங்காவில் புதைந்த பதினொரு பேர் பையில் என்ன இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. என் பதில், கடமையைக் கேட்கப் போகிற ஆளும் அன்றைய இரவைக் கடந்தாக வேண்டும் என்பதுதான். நண்பர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நானும் முழுதாக வென்றதாக நினைக்கவில்லை.

கடைசியாக ஒரு துண்டுக் காகிதம். அலைவரிசை நெரிசலில் பேச்சு போகாதபோதும் குறுஞ்செய்தி பல சமயம் போய்ச் சேரும். ஆனால் கைப்பேசியே செத்துவிட்டால் யாருடைய போனையாவது இரவல் வாங்க வேண்டும், வாங்கினால் நம்பர் தெரிய வேண்டும். யோசித்துப் பாருங்கள், மனப்பாடமாக எத்தனை நம்பர் தெரியும்? எனக்குத் தெரிந்தது சின்ன வயதில் எங்கள் வீட்டிலிருந்த போன் நம்பர் மட்டும். அது துண்டிக்கப்பட்டு இருபது வருடம் ஆகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் 513 படி ஏறும் கூட்டத்தில் பிள்ளைகளின் கையில் பேனாவால் நம்பர் எழுதிவிடுகிற தாய்மார்களைப் பார்த்துத்தான் இந்தக் காகிதத்தைத் தொடங்கினேன். ஐந்து நம்பர், பென்சிலில். பேனா மை நனைந்தால் ஓடிவிடும். அதோடு, பிரிந்துவிட்டால் சேரும் இடம்: குவீன் தெரு மாரியம்மன் கோயில் வாசல்.

வருடம் ஒருமுறை, தைப்பூசத்துக்கு முதல்நாள், அதைப் புதிதாக எழுதுவேன். இந்த முறை எழுதும்போது ஐந்தில் ஒன்று இப்போது இல்லாதவரின் நம்பர். நான்கை எழுதிவிட்டு ஐந்தாவதற்கு யார் என்று வெகுநேரம் பென்சில்கட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடமாகப் பக்கத்து வீட்டில் ஹொக்கியன் பேசும் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். பார்த்தால் சிரிப்போம், பண்டிகைக்கு முறுக்கும் மாண்டரின் ஆரஞ்சும் மாற்றிக்கொள்வோம். அவர் நம்பர் என்னிடம் இல்லை. போய்க் கதவைத் தட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, என் பென்சிலை வாங்கி அவரே எழுதினார். எழுதிவிட்டு, என்னுடையதையும் எழுதித் தரச் சொல்லிக் காலண்டரின் பின்பக்கத்தைக் கிழித்து நீட்டினார்.